ஆப்பிள் உருண்டையும் பதினோரு டப்பாவும்

எங்க வீட்டு ஃப்ரீசருக்கும் எனக்கும் பழக்கம் கம்மி. ஐஸ் தண்ணி குடிச்சா தொண்டை கட்டிக்கிற ஆளு நான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அந்த மேல்கதவை நான் தொறந்தது பத்து தடவை இருந்தா அதிகம். அதனாலதான் எங்க வீட்டு ஆளுங்களால அவ்வளவு நாள் மறைக்க முடிஞ்சுது. இல்லன்னா முடிஞ்சிருக்காதுன்னு சொல்ல ஆசைதான். ஆனா என்னைப் பத்தி எனக்குத் தெரியும். முடிஞ்சிருக்கும்.

நான் பாக்குற வேலையை முதல்ல சொல்லிடறேன். திருவனந்தபுரத்துல, கழக்கூட்டம்ங்கிற இடத்துல ஒரு கம்பெனிக்கு வண்டி ஏற்பாடு பண்றது. ஓட்டுறது இல்ல. எந்த வண்டி, எந்த ரூட்டு, யாரை எத்தன மணிக்கு ஏத்தணும்னு கம்ப்யூட்டர்ல உக்காந்து கட்டம் போடறது. இந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு. எல்லாம் ஒழுங்கா நடந்தா நான்னு ஒருத்தன் இருக்கேன்னே யாருக்கும் தெரியாது. ஒரு வண்டி பத்து நிமிஷம் லேட்டானா, நாலு மாடிக்கும் நான் உயிரோட இருக்கிறது தெரிஞ்சிரும். "நல்லாருக்கு"ன்னு ஒரு வார்த்தை அந்த ஆபீஸ்ல நான் கேட்டது இல்ல. அந்த வார்த்தையை எனக்குக் குடுத்தது உருண்டைதான்.

டாக்டர் ஒருநாள் என் ரத்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "பொரிச்சது தொடப்பிடாது, கேட்டீங்களா?"ன்னாரு. எனக்கு கோலா உருண்டைன்னா உசுரு. பொரிக்காம எப்படிங்கன்னு கேட்டேன். "திங்காம இருக்கலாம்"னாரு. நல்ல மனுஷன்.

கொரோனா சமயத்துல மக கேக் செய்யணும்னு ஒரு ஓவன் வாங்கிருந்தா. ரெண்டு கேக்கோட அந்த ஆசை முடிஞ்சு, ஓவன் பழைய பிளாஸ்டிக் கவர் போட்டு வைக்கிற பெட்டியா மாறிருந்துச்சு. போன்ல எதையோ தேடப்போய், ஒரு வெள்ளைக்காரர் எறச்சியை ஆப்பிளோட உருட்டி ஓவன்ல வச்சு எடுக்கறதைப் பாத்தேன். நமக்கு முடியாதான்னு தோணிச்சு. கவரையெல்லாம் எடுத்து வெளிய போட்டேன்.

கரமனை மார்க்கெட்ல நல்ல ஆட்டுக்கறியா பாத்து, ரெண்டு தடவை கொத்தி வாங்கினேன். சின்ன உள்ளி வதக்கி, இஞ்சி, பூண்டு, பெருஞ்சீரகம், குருமொளகு எல்லாம் சேத்தேன். பிடிப்புக்குப் பொரிகடலைப் பொடி. ஒரு ஆப்பிளைத் துருவி, துணியில கட்டிப் பிழிஞ்சு, அந்தச் சக்கையை மட்டும் கறியோட பிசைஞ்சேன். எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி, மேல தேங்காண்ணை தடவி, இருபத்தஞ்சு நிமிஷம். நடுவுல ஒரு தடவை திருப்பி விட்டேன். வாசம் தெருமுனை வரைக்கும் போச்சு.

மக நாலு தின்னா. "அப்பா, கிடு! செம்மயாயிட்டுண்டு"ன்னா. பள்ளிக்கூடமும் காலேஜும் மலையாளத்துல படிச்ச பிள்ளை, சந்தோஷம் வந்தா அந்தப் பாஷையிலதான் வரும். என் பெஞ்சாதி மெல்ல ரெண்டு தின்னுட்டு, "கொள்ளாம்"னா. அவ பள்ளிக்கூடத்து டீச்சர். முப்பது வருஷமா நாப்பதுக்கு மேல மார்க் போடாத டீச்சர். அவ வாயில கொள்ளாம், அதாவது நல்லாருக்குன்னு வந்தா, வேற வீட்ல பொன்னாடை போத்துறதுக்குச் சமம்.

அன்னையில இருந்து சனிக்கிழமைன்னா உருண்டைதான். ரெண்டு வருஷம்.

எனக்கு ஒரே இடத்துல நிக்கத் தெரியாது. அடுத்த வாரம் கைதச்சக்கை போட்டேன், அன்னாசிப் பழம். பச்சையா அரைச்சு அதுல கறியை ஒரு மணிக்கூர் ஊறப் போட்டேன். அது எறச்சியை இப்படிக் கரைக்கும்னு யாருக்குத் தெரியும்? உருட்டினா உருளல. தட்டுல ஊத்தி வேக வச்சு, வெட்டி, "இது புது ஸ்டைல்"னு கொடுத்தேன். அப்புறம் ஏத்தன்பழம், நம்ம நேந்திரம். அது நல்லா உருண்டுச்சு, ஆனா தின்னா உண்ணியப்பத்துக்குள்ள ஆடு மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. மாம்பழக் காலத்துல மாம்பழம். சக்கைக் காலத்துல வரிக்கைச் சக்கை, பலாப்பழம். முந்திரிப்பழமும் உண்டு, அதைப் பத்திப் பேசாண்டாம். சர்க்கரையும் புளியும் காய்ச்சி மேல பூசினேன். பொரிகடலைக்குப் பதிலா புட்டு மாவு போட்டேன். எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதி வச்சேன். ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி வரி ஒண்ணுதான்: எல்லாருக்கும் பிடிச்சுது.

ஒரு தடவைக்கு முப்பது உருண்டை வரும். வீட்ல சாப்பாட்டுக்கு ஆளுக்கு ரெண்டு. நான் ஒண்ணு. சமைச்சவனுக்குப் பசிக்காதுன்னு சொல்லிக்குவேன், பெரிய கைப்பக்குவக்காரன் மாதிரி. பன்னெண்டு, தூக்குல அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கு. மிச்சம், கழக்கூட்டத்துல ஃபிளாட் எடுத்துத் தங்கிருக்கிற மக ஞாயித்துக்கிழமை திரும்பிப் போறப்போ டப்பாவுல போகும். "கூட இருக்கிற பிள்ளைங்க அடிச்சுப் பிடிச்சுத் தின்னாங்கப்பா"ன்னு போன் வரும்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சாலைக் கடைத்தெருவுல ஆணி, பூட்டு, பைப்பு விக்கிற கடை. என்னை விடப் பத்து வயசு மூப்பு. கார்த்திகை ஒண்ணாந்தேதி ரெண்டு பேரும் சேந்துதான் மாலை போடுவோம், சேந்துதான் மலைக்குப் போவோம். பதினெட்டு வருஷமா அப்படித்தான். நான் உருண்டை அனுப்பினா அரைமணிக்கூர்ல போன்ல கட்டைவிரல் படம் ஒண்ணு வரும். ஞாயித்துக்கிழமை காலம்பற வாசல்ல பாத்தா, "வேய், உம்ம கையில என்னமோ இருக்கு"ம்பாரு.

போன ஐப்பசி கடைசி நாள். மறுநாள் விடியக்காலம் மாலை. அதுக்கு முன்னாடி வீட்ல எறச்சி, மீன் வாடை எதுவும் இருக்கப்பிடாது. கறி வச்ச சட்டி, கத்தி எல்லாம் கழுவி மேல ஏத்தணும், ஃப்ரிட்ஜை ஒழிச்சு மஞ்சத்தண்ணி போட்டுத் தொடைக்கணும். வருஷா வருஷம் என் பெஞ்சாதிதான் செய்வா. அந்த வருஷம் அவ அக்கா வீட்ல வளைகாப்புன்னு நாகர்கோவிலுக்குப் போயிருந்தா, சாயங்காலம்தான் வருவா. போறப்போ, "ஃப்ரிட்ஜை நான் வந்து பாத்துக்கிடறேன், நீங்க ஒண்ணும் தொடாண்டாம்"னு ரெண்டு தடவை சொன்னா. பாவம், பஸ்ல வந்து களைச்சு இறங்கினவ இதையும் செய்யணுமேன்னு நினைச்சேன். அவ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சு அசத்திடணும்.

ஃப்ரீசரைத் தொறந்தேன். பட்டாணி, தேங்காத் துருவல், ஒரு கட்டு கறிவேப்பிலை. அதுக்கு அடியில ஐஸ்கிரீம் டப்பா. ஒண்ணு, ரெண்டுன்னு எடுத்து எடுத்து வைக்க, மொத்தம் பதினொண்ணு. மூடி மேல பிளாஸ்திரி ஒட்டி, கரும்பலகைக் கையெழுத்துல எழுதிருந்துச்சு. "மாம்பழம்." "ஏத்தன்." "சக்கை (கூடுதல் இனிப்பு)." "என்னதுன்னு தெரியல."

தொறந்தா, என் உருண்டைங்க. பனி பிடிச்சு, வரிசையா.

முதல்ல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. உள்ளதைச் சொல்றேன். எனக்கு ஏதாவது ஆயிட்டா என் கைச்சாப்பாடு நாலு நாள் இருக்கட்டும்னு சேத்து வச்சிருக்கா பாருன்னு நினைச்சேன். ஃப்ரிட்ஜ் கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

கடைசியா மூலையில ஒரு எவர்சில்வர் தூக்கு. அதை எடுத்தப்போதான் கண்ணு காஞ்சுது. எங்க ஆளுங்க வீட்ல பாத்திரம் மாறிப் போகக்கூடாதுன்னு அடியில எழுத்து வெட்டி வைப்பாங்க. அந்தத் தூக்கு அடியில இருந்தது எங்க எழுத்து இல்ல. அண்ணாச்சி வீட்டு எழுத்து. உள்ள பன்னெண்டு உருண்டை. எண்ணிப் பாத்தேன், பன்னெண்டும் இருந்துச்சு.

தூக்கைக் கையில எடுத்துக்கிட்டு நேரா அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மாலைக்காகக் கடையைச் சீக்கிரம் பூட்டிட்டு வந்து, சாய்வு நாற்காலியில கால் நகம் வெட்டிக்கிட்டு இருந்தாரு. தூக்கைப் பாத்தாரு. நகவெட்டியைக் கீழ வச்சாரு.

"வேய், உக்காரும்."

"நிக்கேன் அண்ணாச்சி."

"உள்ளதைச் சொல்லட்டா, இல்ல நல்லதாச் சொல்லட்டா?"

"ரெண்டு வருஷமா நல்லதாத்தானே சொல்லிருக்கீங்க."

மூக்கைத் தடவினாரு. "அந்த மொத ஆப்பிள் உருண்டை இருக்குலா, அது நெசம்மாவே நல்லாருந்துது வே. ஏழு தின்னேன். பொறவு நீரு ஒரு நாளு பழத்துக்குள்ள ஆட்டைத் தேட விட்டுட்டேரு. எம் பொஞ்சாதி ஒண்ணைக் கடிச்சுட்டு, இதுக்கு எதுக்கு ஒரு சீவன் செத்துதுன்னு கேட்டா. தூரப்போட முடியுமா? கறியாச்சே. திங்கக்கிழமை நீரு ஆபீஸ் போனதும் அடுக்களை வாசல் வழியா உம்ம வீட்டம்மாகிட்ட குடுத்துருவா."

"எல்லா வாரமுமா?"

"வெளியூர் போன வாரம் இல்ல."

"அப்போ அந்தக் கட்டைவிரல்?"

"தூக்கு வந்து சேந்துதுன்னு போட்டேன். நீரு வேற மாதிரி எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய?"

என் மூஞ்சியைப் பாத்து அவருக்கு மனசு கேக்கல. சமாதானப்படுத்தறதா நினைச்சு அடுத்த குண்டைப் போட்டாரு. "ஒண்ணும் வீணாப் போகல வே. உம்ம வீட்டம்மா அதை உதுத்து, பழத்தை எல்லாம் பொறுக்கிக் களைஞ்சு, மொளகு கூடப் போட்டுத் திரும்ப உருட்டி ஒரு தீயல் வைப்பா பாரும்! மாசத்துக்கு ஒருக்கா எங்களுக்கும் வரும். அப்படி ஒரு ருசி."

தீயல்னா வறுத்த தேங்காயும் மல்லியும் அரைச்சு, புளி ஊத்தி, கறுக்க வைக்கிற குழம்பு. அவ வைக்கிற உருண்டைத் தீயலை எனக்கும் தெரியும். மாசாமாசம் மூணு தடவை சோறு வாங்கித் தின்னுருக்கேன். ஆபீஸ்ல டிரைவர்மார்கிட்ட எல்லாம், "நான் சமைப்பேன்தான், ஆனா என் வீட்டுக்காரி கையில உருண்டைத் தீயல் தின்னணும், நம்மளது ஒண்ணும் இல்லடே"ன்னு பெருமை பேசிருக்கேன். நம்மளது ஒண்ணும் இல்லன்னு நானே ஊர் முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். சாட்சிக்கு வேற ஆள் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து டப்பாவையெல்லாம் சாப்பாட்டு மேசையில வரிசையா அடுக்கினேன். தூக்கை நடுவுல வச்சேன். அவ வர ஆறு மணியாகும். எனக்கு ஒரு அவசரம் இருந்துச்சு. விடிஞ்சா மாலை. மாலை போட்டாச்சுன்னா நாப்பத்தொரு நாளு கோபப்படப்பிடாது, கடுஞ்சொல் சொல்லப்பிடாது. எல்லாரும் சாமின்னு கூப்பிடுவாங்க, நானும் எல்லாரையும் சாமின்னு கூப்பிடணும். பெஞ்சாதி கூடச் சாமிதான். ரெண்டு வருஷத்துக் கோபத்தை ஒரே சாயங்காலத்துல பட்டு முடிக்கணும். வண்டிக்குக் கட்டம் போடற மாதிரி, முதல்ல என்ன கேக்கணும், ரெண்டாவது என்ன கேக்கணும்னு தாள்ல எழுதி வச்சேன்.

பையோட உள்ள வந்தவ மேசையைப் பாத்தா. பையை இறக்கி வச்சா. "தொடாண்டாம்னு சொன்னேன்லா?"ன்னா.

என் தாளு அங்கயே முடிஞ்சுபோச்சு. குத்தம் என் மேல திரும்பிருச்சு.

"ஏட்டி, ரெண்டு வருஷம்!"

"கத்தாதீங்க. காலு கழுவிட்டு வாரேன்."

காலு கழுவி, முகம் கழுவி, பொட்டு வச்சுக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்தா. பரீட்சை பேப்பர் கொடுக்கப்போற மாதிரி. "மொத நாளு உள்ளபடிக்கே நல்லாருந்துச்சு. அதோட விட்டிருக்கணும். நீங்க எங்க விட்டீங்க?"

"நல்லால்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்திருப்பீங்க."

"நிறுத்தினா நல்லதுதானே உங்களுக்கு?"

அவ ஒரு டப்பா மூடியில இருந்த பிளாஸ்திரியை நகத்தால சுரண்டினா. "உருண்டைக்கு முன்னாடி சனிக்கிழமை எப்படி இருந்துச்சுன்னு நெனப்பிருக்கா? மசாலா டப்பாவை எல்லாம் உயரம் பாத்து மாத்தி அடுக்குனீங்க. யாரு எப்போ குளிக்கணும்னு பாத்ரூம் கதவுல கட்டம் போட்டு ஒட்டுனீங்க. பிள்ளை அந்த வாரம் வீட்டுக்கே வரல. நீங்க ஓவன் முன்னாடி நின்னா எங்களுக்கு மூணு மணிக்கூர் சமாதானம். போகட்டும், ஒரு கிலோ கறிதானேன்னு விட்டேன்."

இதை அவ மோசமாச் சொல்லல. அன்பாத்தான் சொன்னா. அதனாலதான் உள்ள போயிருச்சு. நாலு மாடி ஆளுங்களையும் நான் கட்டத்துல போட்டு நகத்துறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். என்னை ஒரு கட்டத்துல போட்டு, சனிக்கிழமை பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் ஓவன் முன்னாடி நிறுத்திருக்காங்க. அண்ணாச்சி வீட்ல பிக்கப், எங்க அடுக்களை வாசல்ல டிராப்பு. இவ்வளவு ஒழுங்கா ஒரு ரூட்டு நான் போட்டதே இல்ல.

மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன்.

"அய்யோ, அப்பா கண்டுபிடிச்சோ? அம்மே, நான் அன்னைக்கே பறஞ்ஞேன்ல, ஃப்ரீசர் வேண்டாம்னு?"

"உன் ஃபிளாட்ல பிள்ளைங்க அடிச்சுப் பிடிச்சுத் தின்னாங்கன்னியேம்மா?"

"ரெண்டு வாரம் தின்னாங்கப்பா, சத்தியம். பின்னே கீழ செக்யூரிட்டி சேட்டனுக்குக் குடுத்தேன். பாவம், அவரு வேண்டாம்னு சொல்லமாட்டாரு."

"அவரு தின்னாரா?"

"அங்க ஒரு பட்டி உண்டுப்பா. அதுக்கு…"

"நாய் தின்னுச்சா?"

"எறச்சி மாத்ரம் தின்னும்ப்பா. ஃப்ரூட்டை வச்சிட்டுப் போகும்"னா. அப்புறம் மெல்ல, "ஃபீல் ஆவாதீங்கப்பா. ஸ்நேகம் கொண்டல்லே?"ன்னா.

பாசத்துலதான் செஞ்சாங்களாம். எனக்கு அந்த நாய் மேல மட்டும்தான் மரியாதை வந்துச்சு. பிடிச்சதைத் தின்னு, பிடிக்காததை முன்னாடியே வச்சிட்டுப் போயிருக்கு.

விடியறதுக்குள்ள கறி வீட்டை விட்டுப் போகணும். பதினோரு டப்பாவையும் என்ன செய்ய? அவதான் கேட்டா, "தீயல் வச்சிரட்டா?"ன்னு. அவ தேங்கா வறுக்க ஆரம்பிச்சா. நான் கூடத்துல உக்காந்து, சாப்பிட மாட்டேன்னு மனசுக்குள்ள மூணு தடவை சொல்லிக்கிட்டேன். ஏழரை மணிக்கு அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் குழம்பு வாங்க அவங்க வீட்டுச் சருவத்தைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. கடைசிக் கறிச் சாப்பாடு இல்லியா, இனி நாப்பத்தொரு நாள் கிடையாதே. என்னையும் இலை முன்னாடி இழுத்து உக்கார வச்சாங்க.

நல்லாருந்துச்சு. மூணு தடவை சோறு வாங்கினேன். அந்தக் கறுப்புக் குழம்புக்குள்ள எங்கயாவது ஒரு துண்டு ஆப்பிள், ஒரு நார் சக்கை தட்டுப்படுதான்னு நாக்கால தேடித் தேடித் தின்னேன். ஒண்ணும் இல்ல. சுத்தமாப் பொறுக்கிருந்தா. அவ வேலைன்னா அப்படித்தான்.

காலையில ஆத்துல குளிச்சு, கோயில்ல மாலை போட்டோம். அண்ணாச்சி என்னைப் பாத்து, "சாமி, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடப்பிடாது"ன்னாரு. "சரி சாமி"ன்னேன். நாப்பத்தொரு நாளும் இட்லி நல்லாருக்கா சாமின்னு அவ கேப்பா. நல்லாருக்கு சாமின்னு சொல்வேன். அந்த வார்த்தையை எவ்வளவு சுளுவாச் சொல்லலாம்னு எனக்கும் பழகிருச்சு.

மலைக்குப் போய் வந்து மாலை கழட்டின பிறகு மூணாவது சனிக்கிழமை. யாரும் ஓவன் பேச்சை எடுக்கல. நானே மார்க்கெட்டுக்குப் போனேன். கறி, ஒரே ஒரு ஆப்பிள். மாத்தம் எதுவும் இல்ல. நோட்டோட முதல் பக்கத்துல என்ன இருந்துச்சோ அதேதான். பத்தே பத்து உருண்டை பிடிச்சேன். டப்பா, தூக்கு எதுவும் எடுக்கல. அண்ணாச்சியை வீட்டுக்கே கூப்பிட்டேன். மகளும் வந்திருந்தா. எல்லாரையும் மேசையில உக்கார வச்சு, தட்டுல சுடச்சுட வச்சேன்.

"கிடு அப்பா"ன்னா மக.

"அந்த மொத நாளு மாதிரியே இருக்கு வே"ன்னாரு அண்ணாச்சி.

நான் நாற்காலியில உக்காரல. அண்ணாச்சி தொண்டையைப் பாத்துக்கிட்டு நின்னேன். முழுங்கினாரு. தண்ணி குடிச்சாரு. எதுக்குத் தண்ணி குடிக்காருன்னு தோணிச்சு.

"ஏன் வே, போலீஸ்காரன் மாதிரி நிக்கேரு? இரும்."

"இருக்கேன் அண்ணாச்சி, நீங்க தின்னுங்க."

என் பெஞ்சாதி ஒண்ணை முடிச்சு, ரெண்டாவதுல பாதி கடிச்சிருந்தா. கொள்ளாம்னு சொல்லுவான்னு காத்திருந்தேன். அவ நிதானமா மென்னுட்டு, "உப்பு ஒரு துள்ளி கம்மி. ஆப்பிளை இன்னும் பிழியணும்"னா.

ரெண்டு வருஷத்துல அவ சொன்ன முதல் குறை. ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைஞ்சு போச்சு. மறுநிமிஷம் இன்னொரு யோசனை வந்துருச்சு. குறை சொன்னா நான் நம்புவேன்னு அவளுக்குத் தெரியாதா? கணக்கா ஒரு துள்ளி உப்பு மட்டும் எப்படிக் குறையும்? நானும் ஒண்ணை எடுத்துக் கடிச்சேன். உப்பு கம்மியா சரியான்னு எனக்குப் பிடிபடல.

அவ தட்டைப் பாத்தேன். அந்தப் பாதி உருண்டை அப்படியே இருந்துச்சு. நான் பாக்கறதை அவ பாத்தா. அதை எடுத்து வாயில போட்டா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுதான் போட்டா.